ஒரு மீனுக்கு மூன்று பெயர்: மீகாங் ஆற்று ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்த மீகாங் ஆற்று ஆணையத்தின் அமைச்சர்கள் பேரவைக்கும், லாவோஸ் தலைநகர் வியந்தியானில் இருக்கும் அதன் செயலகத்துக்கும் வணக்கம்.

நெல் ஆலை இயந்திரங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். 2015 முதல் 2021 வரை வியட்நாமின் கான் தோ நகரில் தங்கி, மீகாங் டெல்டாவில் ஆலை ஆலையாக அலைந்தேன். கம்போடியாவில் பத்தம்பாங் வரைக்கும் பலமுறை போய்வந்தேன். ஆறு வருடம் உங்கள் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவன், அந்த ஆற்று மீனைச் சாப்பிட்டவன் என்ற உரிமையில், அணைகள் பிடித்துவைக்கும் வெள்ளத்தைப் பற்றி எழுதுகிறேன்.

தமிழில்தான் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பு தனியாக உங்களுக்கு வந்து சேரும். கெமர், லாவோ, தாய் ஆகிய மூன்று எழுத்துகளும் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தவை. கம்போடியத் தலைநகர் நொம்பென்னின் கடைத்தெருவில் பெயர்ப்பலகைகளை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் படித்துவிடலாம் என்றே தோன்றும். அந்த ஊர்கள் எனக்கு அந்நியமாக இருந்ததே இல்லை.

ஒரு சின்ன மீனிலிருந்து தொடங்குகிறேன். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும், வெள்ளிபோல் மின்னும். கம்போடியாவில் அதன் பெயர் ரியல். அந்த நாட்டின் பணத்துக்கும் அதே பெயர்தான், மீனிலிருந்துதான் பணத்துக்குப் பெயர் வந்தது என்று அங்கே சொல்லாத ஆளில்லை. வியட்நாமில் அதே மீன் லின். தாய்லாந்திலும் லாவோஸிலும் சோய். நான்கு நாடு, மூன்று பெயர், ஒரே மீன்.

மே, ஜூனில் மழை பிடித்து ஆறு பெருகும்போது அது கம்போடியாவின் வடக்கே முட்டையிடும். குஞ்சுகளுக்கு நீந்தத் தெம்பு கிடையாது, வெள்ளம்தான் அவற்றைத் தூக்கிக்கொண்டு கீழே வரவேண்டும். நொம்பென்னில் ஆறு போதுமான அளவு உயர்ந்துவிட்டால் வேறெங்கும் நான் கேள்விப்படாத ஒன்று நடக்கும். கம்போடியாவின் பெரிய ஏரியிலிருந்து இறங்கி வந்து மீகாங்கில் சேரும் தொன்லே சாப் ஆறு அப்படியே திரும்பி, ஏரியை நோக்கி ஓடும். கோடையில் 2,500 அல்லது 3,000 சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கிக் கிடந்த ஏரி 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டி விரியும். கரையோரக் காடு கழுத்தளவு முழுகும். அந்த முழுகிய காட்டுக்குள்தான் குஞ்சுகள் தின்று வளரும். இன்னொரு பங்கு குஞ்சுகள் நேரே தெற்கே போய் வியட்நாமின் வயல்களில் வளரும். நவம்பரில் தண்ணீர் மறுபடி திரும்பும். அந்தத் திருப்பத்துக்குத்தான் நொம்பென்னில் படகுப் போட்டி, திருவிழா எல்லாம்.

2016 ஜனவரியில் பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னால் நொம்பென்னுக்கு வடக்கே ஆற்றங்கரையில் நின்றேன். ஆற்றின் குறுக்கே வரிசையாக மிதவைகள், ஒவ்வொன்றிலும் நூறு மீட்டருக்கு மேல் நீளமான கூம்பு வலை. சில நிமிடத்துக்கு ஒரு தரம் வலையின் வாலைத் தூக்கி அவிழ்ப்பார்கள். மீன் கொட்டும் சத்தம் ஆலையில் நெல் மூட்டை சரிகிற சத்தம்போலவே இருந்தது. கரையில் பெண்கள் கூடையில் மீனைப் போட்டுத் தண்ணீரில் வைத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள், செதிலும் குடலும் கழன்று போகிற வரைக்கும். அப்புறம் கழுவி உப்பு சேர்த்து ஜாடியில் அடைத்தால் அது பிரஹோக். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்த எனக்கு அந்த வாசனை பழகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தள்ளியிருக்கும் மாவட்டங்களிலிருந்து விவசாயிகள் நெல்லோடு வந்து, கொடுத்துவிட்டு மீன் வாங்கிப் போனார்கள். ஒரு பெரியவர் தன் வீட்டுக்கு வருஷத்துக்கு மூன்று ஜாடி வேண்டும் என்றார். மழைக்காலத்தில் அதுதான் அவர்கள் வீட்டுக் குழம்பு, கறி எல்லாம்.

இவ்வளவும் எதை நம்பி நடக்கிறது? தண்ணீர் எப்போது வருகிறது, எவ்வளவு உயரம் வருகிறது, எதைச் சுமந்து வருகிறது என்பதை நம்பி. வருடத்துக்கு மொத்தம் எத்தனை கோடி கன மீட்டர் ஓடியது என்ற கணக்கு அந்த ரியல் மீனுக்கு எந்த உதவியும் செய்யாது. அணை கட்டுபவர்கள் எல்லாக் கூட்டத்திலும் சொல்லும் வாதம் ஒன்று உண்டு: நாங்கள் தண்ணீரைக் குடித்துவிடவில்லை, மழையில் பிடித்து வைத்துக் கோடையில் திறந்து விடுகிறோம், ஆண்டுக் கணக்கில் குறைவே இல்லை, கோடையில் கூடுதலாகத்தானே கிடைக்கிறது என்று. நான் டெல்டாக்காரன். ஜூனில் வரவேண்டிய தண்ணீர் ஆகஸ்டில் வந்தால் குறுவை என்ன ஆகும் என்று எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். மழையில் எடுத்துக் கோடையில் கொடுப்பது என்றால், ஏரிக்குள் திரும்பி ஓடும் வெள்ளத்தின் தலையை வெட்டி எடுப்பது என்று அர்த்தம்.

இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 ஏப்ரல் 5 அன்று சியாங் ராயில் உங்கள் நான்கு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவிலேயே இது இருக்கிறது. மழைக்காலத்தில் தொன்லே சாப் இயற்கையாகத் திரும்பி ஓடுவதற்கு ஏற்ற அளவு நீரோட்டத்தைக் காப்போம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஆறு திரும்பி ஓடுவதை நான்கு அரசுகள் சேர்ந்து எழுத்தில் காப்பாற்றிய ஒப்பந்தம் வேறு எதையும் நான் அறியேன். அதைப் படித்த அன்று உங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. இந்த மடலும் அந்த ஒரு பிரிவைப் பற்றித்தான்.

2019இல் என்ன நடந்தது? ஜூலையில் ஆறு பல இடங்களில் வரலாறு காணாத அளவுக்கு இறங்கியது. பருவமழை தாமதம், எல் நினோ என்று செயலகம் சொன்னது, அது உண்மைதான். அதே மாதம் சீனாவின் ஜிங்ஹோங் அணையில் பராமரிப்புக்காக நீர்திறப்பைக் குறைத்தார்கள், லாவோஸில் சாயபுரி அணையில் சோதனை ஓட்டம் நடந்தது. அதுவும் உண்மை. சீனாவின் பகுதியில் அந்த மழைக்காலத்தில் வழக்கத்தைவிட ஈரம் கூடவே இருந்தது, ஆனால் கீழே தண்ணீர் வரவில்லை என்று 2020 ஏப்ரலில் ஒரு செயற்கைக்கோள் ஆய்வு சொன்னது. சீனா மறுத்தது. யார் சொன்னது எவ்வளவு சரி என்று கீழே இருக்கிற மீனவனால் சரிபார்க்க முடியவில்லை, அந்த நேரத்தில் அணைக் கணக்கு அவனுக்கு முன்னால் இல்லை. ஏரிக்குள் நீர் திரும்புவது அந்த வருடமும் அடுத்த வருடமும் தாமதமானது, குறைவாகவும் இருந்தது. நான் பார்த்த வலைக்காரர்களில் ஒருவர் 2020 ஜனவரியில் தொலைபேசியில் பேசினார். பாதி வலையை இறக்கவே இல்லை என்றார்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு அளவு சொல்லிவிடுகிறேன். சீனாவில் இந்த ஆற்றின் பெயர் லான்சாங். அங்கே 1990களில் மான்வான் அணையில் தொடங்கி, இன்று பதினொன்றுக்குக் குறையாத பெரிய அணைகள் முதன்மை ஆற்றின் மேலேயே நிற்கின்றன. அதில் நுவோஷாது என்ற ஒரே அணை மட்டும் நம் மேட்டூரைப்போல எட்டு மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். சியாவோவான் என்ற இன்னொன்றின் உயரம் 292 மீட்டர். சீனாவும் மியான்மரும் ஆணையத்தில் உறுப்பினர்கள் அல்ல, உரையாடல் பங்காளிகள் மட்டும். முன்பு வெள்ளக்கால அளவுகளை மட்டும் தந்துகொண்டிருந்த சீனா, 2020இலிருந்து ஆண்டு முழுக்கத் தருகிறது. நல்லதுதான். ஆனால் ஓர் அளவுகோலில் இன்று தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிவதும், நாளை எந்த அணை எவ்வளவு பிடிக்கப் போகிறது என்று தெரிவதும் ஒன்றல்ல.

சரி, சீனா மட்டும்தானா? இல்லை, அங்கேதான் எனக்கு உங்கள் மேல் வருத்தம்.

2010இல் நீங்களே செய்வித்த மதிப்பீடு, கீழ்மீகாங்கின் முதன்மை ஆற்றில் அணை கட்டும் முடிவைப் பத்து வருடம் தள்ளிவைக்கச் சொன்னது. 2011 டிசம்பரில் சாயபுரி அணை பற்றிப் பேரவை கூடி, மேலும் ஆய்வு தேவை என்று ஒத்துக்கொண்டது. 2012 நவம்பரில் அதே அணைக்கு அடிக்கல் விழா நடந்தது. 2019 அக்டோபரில் மின்சாரம் விற்கத் தொடங்கியது, 1,285 மெகாவாட், அதில் 95 சதவீதம் தாய்லாந்து வாங்குகிறது. 2020 ஜனவரியில் லாவோஸின் இன்னொரு அணை, டான் சாஹொங். இப்போது லுவாங் பிரபாங் நகரத்துக்கு மேலே 1,460 மெகாவாட் அணை எழுந்துகொண்டிருக்கிறது. அந்த நகரம் 1995இலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பாக் பெங், சானகாம் அணைகள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் "முன் ஆலோசனை" நடக்கிறது. ஒவ்வொரு நாடும் கவலையை எழுதிக் கொடுக்கிறது. யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னாலும் அது யாரையும் கட்டாது.

மீன் ஏணி வைக்கிறோம் என்கிறார்கள். தாய்லாந்தில் ‘முன்’ என்ற பெயருள்ள ஆற்றில் 1994இல் கட்டிய பாக் முன் அணையிலும் ஏணி வைத்தார்கள். அணைக்கு மேலே மீன்பிடிப்பு 60 முதல் 80 சதவீதம் வரை குறைந்தது என்று உலக அணைகள் ஆணையம் பதிவு செய்தது. மீகாங்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மீன் வகைகள் இருக்கின்றன. மூன்று மீட்டர் நீளப் பெருங்கெளுத்தியும் விரல் நீள ரியலும் ஒரே ஏணியில் ஏறிவிடும் என்று எந்த மீனவனும் நம்பமாட்டான். ஏறினாலும், ஓட்டமில்லாத நீர்த்தேக்கத்தில் குஞ்சைக் கீழே தூக்கிவர வெள்ளம் எங்கே இருக்கும்? 2022 ஜூனில் கம்போடியாவின் ஸ்டங் திரெங்கில் 300 கிலோ திருக்கை ஒன்று பிடிபட்டது, உலகத்திலேயே இதுவரை பதிவான மிகப் பெரிய நன்னீர் மீன் அதுதான். அதைக் கட்டி இழுத்து வந்த மீனவர்கள் அளவெடுக்கவிட்டு, மறுபடி ஆற்றிலேயே விட்டார்கள். இந்த ஆறு இன்னும் சாகவில்லை. அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

அணை பிடிப்பது தண்ணீரை மட்டும் அல்ல. வண்டலையும் பிடிக்கிறது. 2019 கடைசியில் தாய்லாந்தின் வடகிழக்கில் ஆறு நீலமாகத் தெளிந்தது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துப் போட்டார்கள், அழகாகவும் இருந்தது. கரையில் வாழ்ந்தவர்களுக்கு வயிறு கலங்கியது. மீகாங் காப்பி நிறத்தில் ஓடவேண்டிய ஆறு. வண்டலை இழந்த தண்ணீரைப் பசித்த தண்ணீர் என்பார்கள். சுமை இல்லாததால் அது போகும் வழியில் படுகையையும் கரையையும் அரித்துத் தின்னும். 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 16 கோடி டன் வண்டல் கொண்டுவந்த ஆறு, 2014இல் அதில் பாதியைக்கூடக் கொண்டுவரவில்லை. திட்டமிட்ட எல்லா அணைகளும் வந்தால் 2040க்குள் டெல்டாவை அடையும் வண்டல் 97 சதவீதம் குறையும் என்பது 2018இல் முடிந்த உங்கள் பேரவை ஆய்வு சொன்ன கணக்கு. உங்கள் ஆய்வு, உங்கள் எண்.

அந்த எண் ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். 2020 மார்ச்சில் பென் த்ரே பகுதியில் ஓர் ஆலைக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் தென்னந்தோப்பு, நம் பொள்ளாச்சிபோல. அரிசிக்கு மெருகு போடும் இயந்திரத்தில் பனித்துளிபோலத் தண்ணீர் தெளிக்கும் நாசில் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, உள்ளே துரு. மாற்றினேன். எட்டு நாளில் புதியதும் அடைத்துக்கொண்டது. ஆலை முதலாளி கடைசியில் குடிதண்ணீர் கேன் வாங்கி இயந்திரத்துக்கு ஊற்றினார்.

அங்கே நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவை "சி" என்று கூப்பிடுவேன், அந்த ஊர் மொழியில் அக்கா. குழாயில் வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. அவர் அரிசியை இரண்டு தரம் குழாய்த் தண்ணீரில் களைந்துவிட்டு, மூன்றாவது தரம் மட்டும் பாட்டில் தண்ணீர் ஒரு குவளை ஊற்றி அலசுவார். வாசலில் மழைநீர் பிடிக்கும் பெரிய மண்ஜாடிகள் நான்கு. மூன்று காலி. நான்காவதில் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் காலையில் கையை விட்டுப் பார்ப்பார். முதல் நாள் எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, உப்பாக இருக்கும், மன்னித்துக்கொள் தம்பி என்றார். எழுபது வயதை நெருங்கியவர், தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரையில் வாழ்ந்தவர், வீட்டுக்கு வந்தவனுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க முடியவில்லையே என்று வெட்கப்பட்டார். அதை என்னால் மறக்கவே முடியவில்லை. அந்த மாதம் டெல்டாவின் ஐந்து மாகாணங்கள் அவசரநிலை அறிவித்தன.

உப்பு ஏறியதற்கு மேலே இருக்கும் அணைகள் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. வியட்நாம் தரப்பு அமைச்சர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். டெல்டாவின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட இல்லை. அந்த மண்ணின் அடியிலிருந்து ஆழ்குழாயில் நீரை உறிஞ்சினால் மண் அமிழ்கிறது. மூன்று போகம் எடுக்க ஆன் சியாங்கிலும் தோங் தாப்பிலும் உயரக் கரை கட்டி வெள்ளத்தை வயலுக்குள் வரவிடாமல் செய்தது யார்? வெள்ளம் வந்தால்தானே வண்டல் வரும், லின் மீன் வரும்? டெல்டா மக்கள் அந்தப் பருவத்தை வெள்ளக்காலம் என்று சொல்வதில்லை, நீர் மிதக்கும் காலம் என்கிறார்கள். லின் மீனையும், நம்மூர்ச் சித்தகத்தி இனத்து மஞ்சள் பூவையும் போட்டு ஒரு புளிக்குழம்பு வைப்பார்கள். முதல் வருடம் தெருக்கடையில் மலிவாகச் சாப்பிட்டேன். நான் கிளம்பும்போது அது பெரிய ஓட்டலில் விலை கேட்டுச் சாப்பிடும் பண்டமாகிவிட்டது.

மணலும் அப்படித்தான். கம்போடியாவிலும் வியட்நாமிலும் இரவு பகலாக மணல் அள்ளும் படகுகளைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு 3.5 கோடி முதல் 5.5 கோடி கன மீட்டர் வரை டெல்டாவில் அள்ளப்படுவதாகவும், இப்படியே போனால் 2035 வாக்கில் மணல் இருப்பே தீரும் என்றும் உலக இயற்கை நிதியம் 2023இல் கணக்குச் சொன்னது. 2017 ஏப்ரலில் ஆன் சியாங்கில் வாம் நாவ் ஆற்றங்கரை சரிந்து பத்துக்கு மேற்பட்ட வீடுகள் ஆற்றுக்குள் போயின. மணல் போன ஆறு என்ன ஆகும் என்பதைக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பார்த்து வளர்ந்தவன் நான். எங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தாவது நீங்கள் நிறுத்துங்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2020இல் கம்போடியா முதன்மை ஆற்றில் பத்து வருடத்துக்கு அணை இல்லை என்று அறிவித்தது. அதே வருடம் பிப்ரவரியில், சீனக் கப்பல்களுக்காக ஆற்றுப் பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கும் திட்டத்தைத் தாய்லாந்து அமைச்சரவை கைவிட்டது. சியாங் கொங்கில் அதை எதிர்த்துப் போராடிய ஆசிரியர் நிவாத் ரோய்கேவ் 2022இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் பரிசு பெற்றார். அரசுகள் மனது வைத்தால் திட்டம் நிற்கும் என்பதற்கு இவையே சாட்சி.

இனி நான் கேட்பது. 6ஆம் பிரிவுக்கு ஒரு தேதியும் ஒரு அளவும் கொடுங்கள். ஒவ்வொரு வருடமும் தொன்லே சாப் எந்த நாளுக்குள் திரும்ப வேண்டும், எத்தனை கன மீட்டர் உள்ளே போகவேண்டும் என்று எண்ணில் எழுதுங்கள். அந்த அளவு வராது என்று ஜூனிலேயே தெரிந்தால், எந்த அணை எத்தனை நாள் எவ்வளவு திறப்பது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். சீனாவிடமும் தனித்தனியாகப் போகாமல் நான்கு பேரும் ஒரே வாயாக இதைக் கேளுங்கள். அணையில் எவ்வளவு இருக்கிறது, எப்போது பிடிக்கப் போகிறார்கள் என்பதை முன்னதாகத் தரச் சொல்லுங்கள். அதுவரைக்கும் பாக் பெங், சானகாம் எதற்கும் கல் வைக்காதீர்கள். தாய்லாந்து அரசு இன்னொரு மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடாமல் இருந்தாலே பாதி வேலை முடியும், தேவைக்கு மேல் மின் உற்பத்தித் திறன் அங்கே ஏற்கெனவே கிடக்கிறது. லாவோஸுக்கு வருமானம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2018 ஜூலையில் அட்டப்பூவில் கரையணை உடைந்து எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்ததும் அதே லாவோஸின் ஏழைகள்தான். மின்சாரம் வாங்கிப் பயனடையும் நாடுகள், அணை கட்டாமல் விடுவதற்கும் ஒரு விலை கொடுக்கலாம். அதைப் பேசத்தானே ஓர் ஆணையம்.

உங்கள் கூட்டங்கள் ஓட்டல் அரங்குகளில் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தைத் தைப் பௌர்ணமிக்கு முந்தின வாரம் நொம்பென்னுக்கு வடக்கே அந்த மிதவைகளின் கரையில் வையுங்கள். அதிகாலை நான்கு மணிக்கு வாருங்கள், அப்போது குளிரும், ஒரு துண்டு கொண்டுவாருங்கள். வலையின் வாலை அவிழ்க்கும்போது எவ்வளவு கொட்டுகிறது என்று நின்று பாருங்கள். நெல்லோடு வந்திருக்கும் ஒரு விவசாயியிடம், இந்த வருடம் எத்தனை ஜாடி நிரம்பும் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
நெல் ஆலை இயந்திரப் பணியாளர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.